டொமைன் யார் பேரில் இருக்கிறது?

"உங்க தளம் திறக்கலையே, போராட்டத்தைக் கைவிட்டுட்டீங்களா?" என்று ஒரு நிருபர் போனில் கேட்டபோதுதான் விஷயம் எங்களுக்கே தெரிந்தது. நான்கு வருடப் பதிவுகள் இருந்த முகவரியைத் தட்டினால், அப்படி ஒரு தளமே இல்லை என்று வந்தது.

கிளை நூலகத்தை மூடக் கூடாது என்று கூடிய இருபது பேர் நாங்கள். பதிவு செய்த சங்கமெல்லாம் இல்லை. முதலில் வாட்ஸ்அப் குழுதான் இருந்தது. காலையில் போட்ட கடிதம் மாலைக்குள் வாழ்த்துப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழைய கதை ஒன்றும் தெரியாது. அதனால் வேர்ட்பிரஸ்ஸில் ஒரு வலைப்பதிவு தொடங்கினோம். தொடங்கியதில் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு மாலை வேலை. பலன் பிறகுதான் தெரிந்தது. "அப்படி ஒரு கூட்டமே நடக்கலையே" என்று நூலக அலுவலகத்தில் யாராவது சொன்னால், தேதியோடு இருக்கும் பதிவைப் போனில் எடுத்து நீட்டுவோம். நிருபர்களும் அதைத் தேடிப் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டார்கள்.

சிக்கல் எங்கே என்றால், டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, பதிவு செய்த தம்பி தன் கல்லூரி மின்னஞ்சலைக் கொடுத்திருந்தான். படிப்பு முடிந்ததும் கல்லூரி அந்தக் கணக்கை மூடிவிட்டது. டொமைன் காலாவதியாவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு ஒரு நினைவூட்டல், ஒரு வாரம் முன்பு இன்னொன்று, டொமைனைப் பதிவு செய்து தந்த நிறுவனம் அனுப்பியாக வேண்டும் என்பது விதி. அனுப்பியிருப்பார்கள். படிக்கத்தான் அந்தப் பக்கம் ஆள் இல்லை.

டாட் ஆர்க் (.org) போன்ற பொது முகவரிகள் காலாவதியானதும் உடனே கைவிட்டுப் போய்விடாது. நிறுவனம் அதை நீக்கிய பிறகும் மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. ஆனால் புதுப்பிக்கும் கட்டணத்துக்கு மேல் மீட்புக் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டும். அந்த 30 நாள் போனால் இன்னும் 5 நாள், அதில் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நாங்கள் விழித்தபோது 30 நாளில் பதினோரு நாள் போயிருந்தது.

உதவி மையத்துக்கு எழுதினால் "பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து எழுதவும்" என்று பதில். அந்த மின்னஞ்சலே இல்லை என்று எழுதினால் மறுபடி அதே பதில், கீழே இருக்கும் பெயர் மட்டும் வேறு. நான்கு முறை! ஐந்தாவது முறை கெஞ்சுவதை விட்டுவிட்டு, "கணக்கின் உரிமையாளர் அடையாள ஆவணம் தருகிறார், மின்னஞ்சலை மாற்ற எந்தப் படிவம்?" என்று ஒரே வரி கேட்டேன். அன்றே படிவம் வந்தது. இதை முதல் நாளே இப்படிக் கேட்டிருக்கலாம். தம்பி வேறு ஊரில் வேலையில் இருந்தான். அவன் ஆவணம் அனுப்ப, இருபத்து நான்காம் நாள் முகவரி கைக்கு வந்தது.

மூச்சு விட்டோம். உள்ளே போனால் காலி. தளத்தின் கோப்புகள் இருந்த வாடகை இடமான ஹோஸ்டிங்கும் அதே கணக்கில்தான், கோப்புகளை எப்போதோ அழித்துவிட்டார்கள்.

நான் அவ்வப்போது 'எக்ஸ்போர்ட்' செய்து வைத்த கோப்பு இருந்தது, பேக்கப் எடுத்திருக்கிறேன் என்ற மிதப்பும் இருந்தது. வேர்ட்பிரஸ் தரும் அந்தக் கோப்பில் எழுத்துதான் வரும். படங்களுக்கு அவை இருந்த முகவரி மட்டுமே இருக்கும். மூலத் தளம் போனால் படமும் போச்சு. வலைப்பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் தேடிக் கொஞ்சம் படங்கள் கிடைத்தன. முக்கியமான ஒன்று மட்டும் கிடைக்கவில்லை: மாற்று இடம் தராமல் மூட மாட்டோம் என்று அலுவலகமே எழுதித் தந்த கடிதத்தின் ஸ்கேன். அசல் எந்த வீட்டு அலமாரியில் இருக்கிறதோ, யாருக்கும் நினைவில்லை.

ஆனால் கடிதத்தின் வாசகம் தொலைந்துபோகவில்லை. குழுவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். அந்தப் பதிவு போட்ட அன்று, "படம்தான் இருக்கே டீச்சர், எதுக்குக் கஷ்டப்படுறீங்க?" என்று நாங்கள் சிரிக்கச் சிரிக்க, கடித எண், தேதி உட்பட முழுக்கத் தட்டச்சு செய்து கீழே சேர்த்திருந்தார். பார்வையற்ற வாசகர் ஒருவர் நம் நூலகத்துக்கு வருகிறார், அவருடைய திரைவாசிப்பான் படத்தைப் படிக்காது என்பது டீச்சர் சொன்ன காரணம். அந்த நிருபர் கூகுளில் எங்களைக் கண்டுபிடித்ததும் அந்த வரிகளால்தானாம்.

இப்போது டொமைன் குழுவின் பொது மின்னஞ்சலில் இருக்கிறது, மூன்று பேரிடம் பாஸ்வேர்டு. படங்களைத் தனியாக இறக்கி வைக்கிறோம். பதிவு போட்ட கையோடு வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைச் சேமிக்கச் சொல்லிவிடுகிறோம், அதற்குக் காசும் இல்லை, கணக்கும் வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: ஆதரவுக் கையெழுத்து வாங்கிய தாளில் இருக்கும் போன் எண்களை மறைக்காமல் அப்படியே ஏற்றிவிடாதீர்கள். நாங்கள் ஒரு முறை ஏற்றிவிட்டு, தெரிந்தவர்களிடமெல்லாம் திட்டு வாங்கியிருக்கிறோம்.

போன வாரக் கூட்டத்தில் ஓர் எழுத்தர், அப்படி ஒரு கடிதமே கோப்பில் இல்லை என்றார். டீச்சர் போனைத் திறந்து நீட்டினார். எழுத்தர் கொஞ்ச நேரம் படித்துவிட்டு, "அந்தக் கடித எண்ணைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார்.