பீப் ஒலிக்கு முந்தைய கணம்

முதுகலை உளவியல் இரண்டாம் ஆண்டில், எங்கள் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த அக்கா ஒருவருக்குப் பங்கேற்பாளராக இருக்க ஒப்புக்கொண்டேன். லாஸ் வேகஸ் நகரிலுள்ள நெவாடா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ரசல் ஹர்ல்பர்ட், மனத்துள் கணந்தோறும் நிகழும் அனுபவத்தை ஆராய 1970களிலிருந்து வளர்த்தெடுத்த முறையை அவர் கையாண்டார். காதில் செருகிய கருவி நாளொன்றுக்கு ஆறு முறை, நாம் எதிர்பாராத நேரத்தில் ஒலிக்கும். ஒலிக்குச் சற்று முந்தைய கணத்தில் அனுபவத்தில் எது இருந்ததோ அதை மட்டும் உடனே குறித்துக்கொண்டு, 24 மணி நேரத்துக்குள் நேர்காணலுக்குச் செல்ல வேண்டும்.

நான் எப்போதும் சொற்களால்தான் சிந்திக்கிறேன் என்று தொடக்கத்திலேயே உறுதியாகக் கூறியிருந்தேன். முதல் நாள் குறிப்பொன்றில், "கருத்தரங்கை நினைத்தேன், பதற்றமாக இருந்ததால்" என்று எழுதினேன். அக்கா அதை வாசித்துவிட்டு, "அந்தப் பதற்றம் அந்தக் கணத்துல இருந்துச்சா, இல்ல இப்ப காரணமாச் சொல்றியா?" என்று கேட்டார். என்னால் பதில் கூற இயலவில்லை. 1977இல் உளவியலாளர்கள் நிஸ்பெட்டும் வில்சனும் வெளியிட்ட ஆய்வுரையை வகுப்பில் படித்திருந்தேன்: ஒரே மாதிரியான நான்கு ஜோடி நைலான் காலுறைகளில் வலக்கோடியில் இருந்ததையே பலர் தேர்ந்தெடுத்தனர், ஆனால் அது வைக்கப்பட்டிருந்த இடத்தை ஒருவரும் காரணமாகச் சொல்லவில்லை. பிறகு தோன்றும் காரணத்தை உண்மைக் காரணமாகக் கொள்ளும் அந்தப் பிழையை நானே செய்துகொண்டிருந்ததை அன்றுதான் உணர்ந்தேன். முதல் நாள் குறிப்புகள் பயிற்சியாகவே கொள்ளப்படும் என்பது அம்முறையின் விதி; அது எனக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது.

இரண்டாம் நாளில் மொழியே தடையாயிற்று. "தோன்றியது" என்று நான் எழுதிய இடத்திலெல்லாம், கண்முன் உருவமாகத் தெரிந்ததா, எண்ணமாக எழுந்ததா, உணர்வாக இருந்ததா என்று அக்கா பிரித்துக் கேட்டார். அன்றாடப் பேச்சில் இம்மூன்றையும் அந்த ஒரு சொல்லால் நாம் எவ்வளவு எளிதாகக் கடந்துவிடுகிறோம்!

மூன்றாம் நாள், விடுதியில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது கருவி ஒலித்தது. அறையைப் பூட்டினேனா என்ற ஐயம் அக்கணத்தில் மிகத் தெளிவாக இருந்தது. ஆனால் அதற்குச் சொல்லும் இல்லை, பூட்டின் உருவமும் இல்லை. நூறாண்டுகளுக்கும் முன்னர், இத்தகைய உருவமற்ற எண்ணம் உண்டு என்று ஜெர்மனியின் வூர்ஸ்பர்க்கில் உளவியலாளர் கியூல்பேயின் ஆய்வகத்தாரும், இல்லை என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் டிச்சனரும் வாதிட்டுத் தீர்வு காணவில்லை. அந்தப் பூசலையும் சுட்டிக்காட்டியே 1913இல் நடத்தைவாத உளவியலாளர் வாட்சன், தன் மனத்தைத் தானே கவனித்து விவரிக்கும் அகநோக்கை உளவியலிலிருந்து விலக்கச் சொன்னார். அனுபவத்தை விலக்கியிருக்க வேண்டியதில்லை, கேட்கும் முறையைத் திருத்தியிருக்கலாம் என்றே நான் கருதுகிறேன். எதைக் காண வேண்டும் என்று முன்கூட்டியே அறிந்தவர்களை நோக்குநர்களாக வைத்தால் கிடைக்கும் விவரிப்பில் கோட்பாடு கலக்காமல் இராது. எனக்கோ, சொற்களால்தான் சிந்திக்கிறேன் என்ற என் சொந்தக் கோட்பாட்டுக்கு எதிரான சான்றே கிடைத்தது.

நான்காம் நாளின் கடைசிக் குறிப்பில் வெறும் "மஞ்சள்" என்று இருந்தது. அது சுவரின் நிறமா, மனத்தில் எழுந்த நிறமா என்று அக்கா பலவாறு கேட்டும் என்னால் உறுதியாகக் கூற முடியவில்லை. அவர் என்னை ஒரு பக்கம் சாய்க்க முயலாமல், "தீர்மானிக்க இயலவில்லை" என்றே பதிவு செய்துவிட்டுக் குறிப்பேட்டை மூடினார்.