பி.எஸ்சி. சைக்காலஜி முடித்ததும் என்ன வேலைக்குப் போகலாம்?

ஒவ்வொரு மே மாதமும் கல்லூரி ஜூனியர்கள் யாராவது போன் செய்கிறார்கள். "அக்கா, எம்.எஸ்சி. சேராம இப்பவே வேலைக்குப் போக முடியுமா?" வீட்டில் கடன் இருக்கும், தம்பி காலேஜ் சேர வேண்டியிருக்கும், இன்னும் இரண்டு வருடம் ஃபீஸ் கட்ட வழி இருக்காது. போகலாம் என்றுதான் சொல்வேன். எந்த வேலைக்கு என்பதைத்தான் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

இளங்கலையை மட்டும் வைத்துக்கொண்டு சைக்காலஜிஸ்ட் ஆக முடியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் கழகத்தின், அதாவது ஆர்.சி.ஐ.யின், பதிவு வேண்டும். நாங்கள் படித்தபோது அதற்கு முதுகலை, அதன்பின் இரண்டு வருட எம்.ஃபில். என்பதுதான் வழக்கமான பாதை. 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யூஜிசி, எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது, கிளினிக்கல் சைக்காலஜி மாதிரி ஓரிரு பிரிவுகளை மட்டும் 2025-26 வரை விட்டுவைத்தது. சரி, வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்சி. முடிக்கலாம் என்றால், 2025-இல் சைக்காலஜியைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று அறிவிப்பு வந்துவிட்டது. பயிற்சி இல்லாதவர்கள் பெருகிவிடக் கூடாது என்பது நியாயமான காரணம்தான். ஆனால் சம்பளத்தை வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டே மேலே படிக்க நினைத்த பிள்ளைகளுக்கு இருந்த ஒரே கதவும் அதோடு மூடிவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

வேலைத் தளங்களில் 'கவுன்சிலர்' என்று தேடினால் வந்து விழுபவற்றில் கோச்சிங் சென்டர்களும் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்சிகளுமே அதிகம். பெற்றோருக்கு போன் போட்டு கோர்ஸ் விற்க வேண்டும், மாதா மாதம் டார்கெட் உண்டு. அப்புறம் எச்.ஆர். ரெக்ரூட்டர் வேலை. என் தோழிகள் சிலர் அதில் சேர்ந்து நன்றாகவே இருக்கிறார்கள். மனிதர்களோடு பேசப் பிடித்தவர்களுக்குப் பொருந்தும்.

நான் கோபப்படுவது வேறு ஒரு வகை வேலைக்கு. ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் இன்டர்வியூவுக்குப் போனேன். முதல் நாளிலிருந்தே நீங்கள்தான் கவுன்சிலர், தனி ரூம், மாலையில் ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். யாரிடம் கற்றுக்கொள்வது என்று கேட்டேன். "போகப் போகத் தானா வந்துரும்மா" என்றார் நிர்வாகி. உயிரை விடலாம் என்ற நினைப்போடு ஒருவர் எதிரில் வந்து உட்காரும்போது, இருபத்தொரு வயதுப் பெண்ணுக்கு எதுவும் தானாக வராது. அது அந்த மனிதருக்கும் ஆபத்து, அந்தப் பெண்ணுக்கும் ஆபத்து. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்றைக்கும் இப்படி ஆள் எடுக்கும் இடங்கள் இருக்கின்றன.

கடைசியில் நான் சேர்ந்தது கோவையில் ஒரு தெரபி சென்டர். குடியிருப்புத் தெருவில் வாடகைக்கு எடுத்த வீடு. ஹாலில் ஊஞ்சல், பெரிய பந்து, பாய்கள். ஆட்டிசம், வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகள் வருவார்கள். எனக்கு அசிஸ்டன்ட் வேலை, சம்பளம் 9,000 ரூபாய். சிறப்பாசிரியை ஒருவருக்குக் கீழே வேலை. அவர் முதல் நாளே ஒரு தாளைக் கொடுத்தார். அதில் மூன்று கட்டங்கள்: முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, பின்னால் என்ன நடந்தது. "கோபப்பட்டான், அடம் பிடிச்சான்னெல்லாம் எழுத வேண்டாம். கண்ணுல பட்டதை மட்டும் எழுதுங்க" என்றார்.

எனக்கு அது புதிதாகவே இல்லை. காலேஜில் ரெக்கார்டு நோட்டு எழுதிப் பழகிய கை இது. ஒரே நீளமாக இருந்தும் வேறு வேறு நீளமாகத் தெரியும் முல்லர்-லயர் கோடுகள், கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைவது என்று ஒவ்வொரு சோதனைக்கும் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரே வார்த்தைகளில் விளக்கம் சொல்ல வேண்டும். அவர் செய்ததையும் சொன்னதையும் அப்படியே எழுத வேண்டும். பிராக்டிகல் மார்க்குக்காக எழுதுகிறோம் என்றுதான் வகுப்பே நினைத்தது. பாடத்தில் படித்த உளவியல் அறிஞர்கள் ஃப்ராய்டும் ஸ்கின்னரும் பரீட்சைக்குப் பயன்பட்டார்கள். முதல் வேலைக்குக் கைகொடுத்தது இந்தப் பழக்கம்தான்.

அங்கே ஐந்து வயதுப் பையன் ஒருவன், பேச்சு இன்னும் வரவில்லை, தன் மணிக்கட்டையே கடித்துக்கொள்வான். தழும்பு கறுத்துப் போயிருந்தது. நான் எழுதிய வரிகள் இப்படி இருக்கும்: "10.40. மணி கோக்கச் சொன்னேன். இடது மணிக்கட்டைக் கடித்தான். மணிகளை எடுத்து வைத்துவிட்டேன்." "11.15. படத்தைத் தொடச் சொன்னேன். கடித்தான். படத்தை எடுத்துவிட்டேன்." சில வாரத் தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்து சிறப்பாசிரியை பார்த்தார். மூன்றாவது கட்டத்தில் திரும்பத் திரும்ப ஒரே விஷயம்: கடித்தால் வேலை நின்றுவிடுகிறது. 'போதும்' என்று சொல்ல அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. உள்ளங்கை படம் போட்ட ஒரு அட்டையைக் கொடுத்து, அதை நீட்டினால் உடனே நிறுத்திவிடுவது என்று ஆரம்பித்தோம். முதலில் அவன் கையைப் பிடித்து நாங்களே நீட்டவைத்தோம். பிறகு அவனே நீட்டினான். கடிப்பது அடியோடு நிற்கவில்லை. ஆனால் நன்றாகக் குறைந்தது.

சாயங்காலம் அவன் அம்மா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்: "ஏனுங்க மிஸ், இன்னைக்கு எப்படி இருந்தானுங்க?" நன்றாக இருந்தான் என்ற பதில் அவருக்குப் போதாது. "மூணு தடவை அட்டையை நீட்டினானுங்க. தண்ணி வேணும்னு என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனானுங்க" என்றால் நின்று கேட்பார், இரவு வீட்டுக்காரருக்கும் அதையே சொல்வார். "எப்பங்க மிஸ் பேசுவான்?" என்றும் கேட்பார். அதற்குப் பதில் சொல்லும் படிப்பு என்னுடையதில்லை. டாக்டரையும் ஸ்பீச் தெரபிஸ்ட்டையும் கேளுங்கள் என்றுதான் சொல்ல முடிந்தது. ஆறுதலுக்காக ஒரு தேதி சொல்லிவிட நாக்கு துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ள வேண்டும்.

சம்பளம் போதாது, அதைப் பூசி மெழுக விரும்பவில்லை. ஒவ்வொரு செஷனுக்கும் பெற்றோர் கொடுக்கும் தொகையையும் அசிஸ்டன்ட்டுக்குப் போகும் தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வயிறு எரியும். அப்பா வீட்டில் சாப்பாடும் தங்கலும் இருந்ததால்தான் நான் தாக்குப்பிடித்தேன். வெளியூரில் ஹாஸ்டல் எடுத்துத் தங்க வேண்டிய பெண்ணுக்கு இந்த வேலையை எப்படிச் சிபாரிசு செய்வது?

இளங்கலையோடு போகக்கூடிய அரசு ஒப்பந்த வேலைகளும் உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆற்றுப்படுத்துநர், அதாவது கவுன்சிலர், பணிக்கு சைக்காலஜி, சமூகப்பணி போன்ற பாடங்களில் பட்டம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். தொகுப்பூதியம் 18,000 சொச்சம். விளம்பரம் மாவட்ட இணையதளத்தில் வரும், பெரும்பாலும் சத்தமில்லாமல். ஆனால் முன் அனுபவம் கேட்பார்கள். சின்ன சென்டர்களில் பார்த்த வேலைக்கு அனுபவச் சான்று வாங்குவது பெரும்பாடு. பலர் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்கூட இல்லாமல் வேலை பார்த்திருப்பார்கள்.

அதனால் இந்த வருடம் போன் செய்த ஜூனியரிடம், இன்டர்வியூவில் இரண்டு விஷயம் கேட்டுவிட்டு வா என்றேன். என் வேலையைப் பார்த்துத் திருத்தப்போவது யார், அவர் ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்தவரா? பதவியின் பெயர் போட்டு ஆர்டர் கையில் தருவீர்களா? இரண்டுக்கும் ஆமாம் என்ற பதில் வந்தால், சம்பளம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சேர்ந்துவிடு என்று சொல்லியிருக்கிறேன்.