கையில் இல்லாத லாபம்: கணக்கு எழுதுபவரின் நாட்குறிப்பு

ஜூன் 19

காலையிலிருந்து ஒரு சிறிய அச்சகத்தின் கணக்கு. லாப நட்டக் கணக்கில் லாபம் தெரிகிறது. வங்கி இருப்பைப் பார்த்தால் அடுத்த மாதச் சம்பளத்துக்கே இழுபறி. முதலாளிக்கு போன் போட்டுச் சொன்னேன். "லாபமெல்லாம் உங்க நோட்டுல இருக்கு சார், என் கையில இல்லையே" என்றார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. காகிதக்காரருக்கு உடனே ரொக்கம் கொடுக்க வேண்டும். வேலை வாங்கிய பெரிய நிறுவனமோ பில் போய்ச் சேர்ந்து 60 நாள் கழித்துத்தான் பணம் தரும், அதுவும் உள்ளே யாராவது கையெழுத்துப் போட்டால். அதுவரை சின்னவர் பெரியவருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார். அமெரிக்காவில் ஜேபிமார்கன் சேஸ் வங்கியின் ஆய்வுப் பிரிவான ஜேபிமார்கன் சேஸ் இன்ஸ்டிட்யூட் 2016-ல் சுமார் 6 லட்சம் சிறு தொழில்களின் வங்கிக் கணக்குகளை ஆராய்ந்தது. வரவு அடியோடு நின்றால், வரிசைப்படுத்திப் பார்த்தால் நடுவில் நிற்கும் ஒரு தொழில் கையிருப்பை வைத்து 27 நாள்தான் தாக்குப்பிடிக்கும் என்று தெரிந்தது. பில்லுக்கு 60, உயிருக்கு 27.

ஜூன் 22

சிறு தொழிலுக்கு எப்படி உதவலாம் என்று தோழி கேட்டாள். பேரம் பேசாதே, கேட்ட அன்றே பணத்தைக் கொடு என்றேன். செயலி வழியாக வாங்காமல் நேரடியாக வாங்கினால் கமிஷனும் மிச்சம். சில டெலிவரி செயலிகள் 30 சதவீதம் வரை பிடிக்கின்றன. முன்பணம் கொடுப்பது பெரிய உதவிதான், ஆனால் கடை மூடிப்போனால் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நாம் கடைசியில் நிற்போம். போனாலும் பரவாயில்லை என்கிற தொகையை மட்டும் கொடுக்கலாம்.

ஜூன் 27

ஐ.நா. 2017-ல் அறிவித்த குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் நாள். உலகத் தொழில்களில் 90 சதவீதம் இவைதானாம். வேலைவாய்ப்பில் 60 முதல் 70 சதவீதம். அச்சகத்துக்குப் பாக்கி வைத்திருக்கும் அதே நிறுவனம் இன்று அழகான வாழ்த்துப் படம் போட்டிருக்கிறது. வாழ்த்தோடு பணத்தையும் அனுப்பியிருக்கலாம்.

சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 விதிப்படி, தாமதமானால் மத்திய வங்கியின் அடிப்படை விகிதத்துக்கு மேல் குறைந்தது 8 சதவீதப் புள்ளி வட்டி கேட்கலாம். கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடுமே என்ற பயத்தில் பலர் வாயே திறப்பதில்லை.

ஜூலை 1

எல்லாரும் ஒரே நேரத்தில் செலவைச் சுருக்கினால் எல்லாருடைய வரவும் சுருங்கும். 1930-களின் பெருமந்தத்தின்போது பொருளாதார அறிஞர் கெயின்ஸ் வலியுறுத்தியது இது. அதற்காகக் கடன் வாங்கிச் செலவழிக்கச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் 3 சதவீத வட்டி என்றால், கூட்டு வட்டியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 42.6 சதவீதம். அதை அடைப்பதைவிட நிச்சயமான வருமானம் தரும் முதலீடு எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 5

கடன் இல்லாதவருக்கு அடுத்த நல்ல முதலீடு படிப்பு. படிப்பின் பெரிய செலவு கட்டணம் மட்டும் அல்ல, படிக்கும் நேரத்தில் சம்பாதிக்காமல் விடுவதும்தான். பொருளாதார மந்தத்தில் சம்பாதிக்கும் வாய்ப்பே குறைவதால் அந்த நேரம் மலிவாகிறது. வேலை மந்தமான காலத்தில் பலர் கல்லூரிப் பக்கம் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சான்றிதழ் விற்பவர்களும் இதே காலத்தில்தான் பெருகுகிறார்கள். இந்தத் திறனுக்கு இன்று யாராவது காசு கொடுக்கிறார்களா என்று முதலில் விசாரிக்க வேண்டும். அச்சக முதலாளி எந்த வகுப்புக்கும் போகவில்லை. இயந்திரம் சும்மா இருக்கும் மதிய நேரங்களில் கழிவுக் காகிதம், மின்சாரம், தன் சொந்த உழைப்பு எல்லாம் சேர்த்து அடக்கவிலை போடப் பழகிக்கொண்டார். சில வேலைகளை இத்தனை நாள் நட்டத்துக்குச் செய்தது அப்போதுதான் தெரிந்ததாம்.

ஜூலை 9

"10 நாளில் பணம் கொடுத்தால் 2 சதவீதம் தள்ளுபடி, இல்லையென்றால் 30 நாள் கெடு" என்று பில்லில் போடலாமா என்று அச்சக முதலாளி கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன்: 20 நாள் முன்னால் வாங்குவதற்காக 98-க்கு 2 விட்டுக்கொடுத்தால், ஆண்டுக் கணக்கில் 37 சதவீத வட்டி. வேறு வழியே இல்லாதபோது செய்யலாம். அதைவிட, புது வேலைக்குப் பாதிப் பணம் முன்கூட்டியே கேட்கச் சொன்னேன். ஒரு வாடிக்கையாளர் சரி என்றார், இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாளைக்குப் பழைய பாக்கிகளை நாள் கணக்கில் பிரிக்கும் வேலை இருக்கிறது. 90 நாள் தாண்டியவை தனித் தாளில். அந்தப் பாக்கிக்காரர்களை முதலாளியே கூப்பிடுகிறாராம், என்னைப் பேசச் சொல்லவில்லை.