அம்மாவின் ஒன்பது மணி போன்

கல்லூரி இரண்டாம் வருடத்தில் ஆறு வாரம் அம்மாவின் ஒன்பது மணி போனை எடுக்கவே இல்லை. "லைப்ரரில இருக்கேன்மா" என்று மெசேஜ் மட்டும் போகும். இருந்ததும் லைப்ரரியில்தான். ஆனால் படித்தது பாடம் இல்லை. ஒரு சொராரிட்டியின் வரலாறு. சொராரிட்டி என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொள்ளும் மாணவிகள் சங்கம்.

சொராரிட்டி என்றால் எங்கள் வீட்டில் சினிமாவில் பார்த்ததுதான்: பெரிய வெள்ளை வீடு, பொன்னிற முடி, பீர். முதல் வருடம் நானும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அது கிட்டத்தட்டப் பெண் பார்க்கும் படலம். வீடு வீடாகப் போய்ச் சில நிமிடம் சிரித்துப் பேச வேண்டும், யார் வேண்டும், யார் வேண்டாம் என்று அவர்கள் பிறகு உட்கார்ந்து முடிவு செய்வார்கள். என் பெயரை மூன்று வீட்டில் மூன்று விதமாகக் கூப்பிட்டார்கள். இரண்டாம் நாளே விலகி வந்துவிட்டேன்.

பல பண்பாட்டுப் பெண்களும் சேரும் மல்டிகல்ச்சுரல் சொராரிட்டி என்று ஒன்று இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. அதுவும் எங்கள் நியூஜெர்சியில் பிறந்த சமாச்சாரம். 1975இல் கீன் கல்லூரியில் லத்தீன் அமெரிக்க வம்சாவளி மாணவிகள் லாம்டா தீட்டா ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். 1981இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மு சிக்மா உப்சிலான் வந்தது, எந்த இனத்துப் பெண்ணும் சேரலாம் என்று. தெற்காசியப் பெண்களுக்கென்றே 1998இல் டெக்சஸில் கப்பா ஃபை காமா. நான் சேர்ந்த சங்கத்தின் பெயர் இங்கே வேண்டாம். அதற்கு வீடெல்லாம் கிடையாது, காலி வகுப்பறையில்தான் கூட்டம்.

விண்ணப்பம் பெரிய விஷயமில்லை: மதிப்பெண் பட்டியல், ஒரு கட்டுரை, சமூக சேவை செய்த மணிக்கணக்கு. நேர்காணலில்தான் மாட்டினேன். எட்டுப் பேர் கறுப்பு உடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "உன் பண்பாட்டைப் பற்றிச் சொல்" என்றதும் பொங்கல், பரதநாட்டியம் என்று பொரிந்து தள்ளினேன். கடைசியில் இருந்தவள் கேட்டாள்: "சரி, உன்னுடையது இல்லாத ஒரு பண்பாட்டிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" பதில் வரவில்லை. பக்கத்து அறையில் இருந்த டொமினிக்கன் பெண்ணோடு ஒரு வருடம் பாத்ரூம் பகிர்ந்திருக்கிறேன், அவள் வீட்டில் என்ன சமைப்பார்கள் என்றுகூடக் கேட்டதில்லை. அதையே சொன்னேன். எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் ஹேசிங் தாள். புதியவர்களைத் துன்புறுத்துவது இந்த மாநிலத்தில் குற்றம், அப்படி நடந்தால் யாரிடம் புகார் செய்வது என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் முழுக்கப் படியுங்கள். சேரக் கட்ட வேண்டிய பணம் எவ்வளவு என்றும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை, 600 டாலர் என்றதும் டைனிங் ஹாலில் கூடுதல் ஷிப்ட் எடுக்க வேண்டியதாயிற்று.

ஒன்றாகச் சேரும் புதியவர்களின் வரிசைக்கு லைன் என்று பெயர். எங்கள் லைனில் நான்கு பேர். உயரப்படி நிறுத்துவார்கள், குள்ளமானவள் 'ஏஸ்', அதாவது நான். எனக்குப் பின்னால் ஒரு ஹெய்ட்டிப் பெண், ஓர் எகிப்துப் பெண், கடைசியில் பாத்ரூம் பகிர்ந்த அதே டொமினிக்கன் பெண். அவளும் விண்ணப்பித்தது எனக்குத் தெரியவே தெரியாது! கிரேக்க எழுத்துகள், தொடங்கியவர்களின் பெயர்கள், தேதிகள் எல்லாவற்றையும் நால்வரும் ஒரே குரலில் ஒப்பிக்க வேண்டும். ஒருத்தி தடுமாறினால் எல்லோரும் முதலிலிருந்து. திருக்குறள் ஒப்பித்துப் பழகிய நாக்கு முதல்முறையாக எனக்கு உதவியது.

ஆறாவது வாரம், 'அம்மாவிடம் எப்போது சொல்லலாம்?' என்று என் பிக் சிஸ்டரிடம், அதாவது எனக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினரிடம் கேட்டேன். விழித்தாள். "சடங்கு மட்டும்தான் ரகசியம். அம்மாவிடம் சொல்லாதே என்று யார் சொன்னது?" யாரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டதுதான்.

புதியவர்களை வளாகத்துக்குக் காட்டும் ப்ரோபேட் நிகழ்ச்சிக்கு எடிசன் ஊரிலிருந்து அம்மா வந்தார். முகமூடி போட்டு, காலால் தாளம் தட்டி வந்த நான்கு பேரில் முதல் ஆளை உயரத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாராம். காரில் திரும்பும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் மெல்ல ஆரம்பித்தேன்: "கமலா ஹாரிஸ்கூட சொராரிட்டிதான்மா. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தார்."

"அவ அவங்க அம்மாகிட்ட சொல்லிட்டுச் சேர்ந்திருப்பா" என்றார் அம்மா.