ஏற்காட்டில் உட்கார்ந்து பனிச்சரிவுக் கருவி வாங்கிய கதை

வருகிற பிப்ரவரியில் நானும் மச்சானும் மறுபடியும் காஷ்மீரின் குல்மார்க்குக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போகிறோம். போன தடவை ரோந்துக்காரர்கள் சோதித்துத் திறந்துவிட்ட சரிவுகளில் மட்டும்தான் சறுக்கினோம். இந்த முறை அஃபர்வாட் உச்சிப் பக்கம், கோண்டோலா (கேபிள் கார்) பகுதியின் எல்லையைத் தாண்டி, வழிகாட்டி ஒருவருடன் இறங்குவதாகத் திட்டம், அதனால் ஆறு மாதமாக வீட்டில் பேச்செல்லாம், பனி மொத்தமாகப் பெயர்ந்து சரிந்து ஆளைப் புதைத்துவிட்டால் தேடி எடுக்கிற கருவிகளைப் பற்றித்தான். சேலத்தில் இதைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்க வழியில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

டிரான்சீவர் (உடம்பில் கட்டிக்கொள்ளும் சிக்னல் கருவி, புதைந்தவரின் சிக்னலைப் பிடித்துத் தேடுவதும் அதுதான்), புரோப் (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), ஷவல் (தோண்டும் மண்வாரி). இந்த மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். "ஏன் மச்சான், சேர்ந்துதானே போறோம், ஷவல் ஒண்ணு போதாதா?" என்றான். அந்த ஷவலை வைத்திருப்பவனே புதைந்துபோனால் மற்றவன் எதை வைத்துத் தோண்டுவான்? நான் புதைந்தால் என்னைத் தேடப்போவது அவனுடைய கருவி, அதை அவன் கை எவ்வளவு பழகியிருக்கிறது என்பதில்தான் என் உயிர் இருக்கிறது. முழுக்கப் புதைந்தவர்களை 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், அரை மணி நேரம் ஆகிவிட்டால் ஏறத்தாழ மூன்று பேர்தான். கீழேயிருந்து மீட்புக் குழு வரும்வரை காத்திருக்க நேரமே கிடையாது.

டிரான்சீவரில் நான் முதலில் ஏமாந்தேன். விலை குறைவு என்று இணையத்தில் ஒருவரிடம் பழைய ஒற்றை ஆன்டெனா கருவி வாங்கினேன். எல்லாமே 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைதானே, எது வாங்கினால் என்ன என்று நினைத்தேன். ஏற்காட்டில் நண்பனின் காபித் தோட்டத்தில், மச்சானுடைய கருவியைச் சாக்கில் சுற்றி, சில்வர் ஓக் சருகுக்கு அடியில் புதைத்துவிட்டுத் தேடினேன். பீப் சத்தம் கூடுகிறது, குறைகிறது, எந்தத் திசை என்று மட்டும் தெரியவில்லை, கருவியை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பியே 14 நிமிடம் போய்விட்டது. வியர்த்துப்போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று ஆன்டெனா டிஜிட்டல் கருவியில் அம்புக்குறியும் தூரமும் திரையிலேயே வரும். அம்பு வளைத்து வளைத்துக் கூட்டிப்போகும், அதன் போக்கிலேயே போக வேண்டும். பழையதை வாங்கவே வாங்காதீர்கள். அப்புறம், தேடும்போது போனை அணைத்துத் தூரமாக வையுங்கள், அதன் இரைச்சல் தேடுகிற கருவியைக் குழப்பும். சீசன் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், நம் ஊர் மே மாத வெயிலில் பீரோவுக்குள்ளேயே கசிந்துவிடும்.

புரோப் 240 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, நாங்கள் 3 மீட்டர் அலுமினியம் எடுத்தோம். ஷவலும் அலுமினியம்தான். சரிந்து நின்ற பனி சிமென்ட் மாதிரி இறுகிவிடும், பிளாஸ்டிக் அலகு உடைந்துபோகும். கைப்பிடி நீள்வதாக இருந்தால் இடுப்புக்குச் சுகம்.

தோண்டிப் பழக அஸ்தம்பட்டியில் பக்கத்து வீட்டுக் கட்டடத்துக்கு வந்திறங்கிய எம் சாண்ட் குவியலைக் கேட்டு வாங்கினோம். மேஸ்திரி அண்ணன், "என்னங்க தம்பி, மணலுக்குள்ள என்ன தேடுறீங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவரே பழைய சிமென்ட் மூட்டை ஒன்றை உள்ளே புதைத்துக் கொடுத்தார். புரோப் நுனி மூட்டையில் படும்போது மணலைப் போல நறநறக்காமல் மெத்தென்று நிற்கிறது, அந்த உணர்வைக் கை ஒருமுறை பிடித்துக்கொண்டால் மறக்காது. குத்திய புரோப்பை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டு, சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து உள்நோக்கித் தோண்ட வேண்டும். நேர் மேலே நின்று தோண்டினால் புதைந்தவரையே மிதிக்கிறோம்.

ஏர்பேக் பை, அதாவது பலூன் போல ஊதிக்கொள்ளும் முதுகுப்பை, வாங்கலாமா என்று ரொம்ப யோசித்தோம். ஊதினால் ஆளின் பருமன் கூடி, ஓடுகிற பனியின் மேல்பரப்புக்கு அவரைக் கொண்டுவர உதவும், உயிரையும் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் மரத்திலோ பாறையிலோ அடித்துப்போட்டால் அது என்ன செய்யும்? கேஸ் சிலிண்டர் உள்ளதென்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும், மின்சாரத்தில் ஊதுவதோ விலை அதிகம். அந்தப் பணத்தை இந்த வருடம் பனிச்சரிவுப் பயிற்சி வகுப்புக்கு ஒதுக்கிவிட்டோம். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் பனி பெரும்பாலும் பெயர்கிறது, பல நேரம் அதைக் கிளப்பிவிடுவதே அதன் மேல் போகிற நாம்தான். எந்தச் சரிவில் கால் வைக்கக் கூடாது என்று கண் பழகுவது எனக்கு முக்கியமாகப் பட்டது.

போன ஞாயிறு தோட்டத்தில் புதுக் கருவியோடு மச்சான் தேடி, குத்தி, தோண்டி மூட்டையை வெளியே எடுக்க 6 நிமிடம் 40 விநாடி ஆனது. எனக்கு 8. இந்த ஞாயிறும் மலை ஏறுகிறோம்.