'கோப்பர்நிக்கன்' பிரித்துப் பார்த்த கதை

ஆங்கிலச் சொற்களை வேர்வரை பிரித்து நோட்டில் எழுதுவது கொஞ்ச நாளாக என் மாலைப் பொழுதுபோக்கு. இந்த வாரம் எடுத்தது 'கோப்பர்நிக்கன்'. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிகஸின் பெயரிலிருந்து வந்த பெயரடை.

முதல் நாள் 'கோப்பர்ன் + இக் + அன்' என்று பிரித்தேன். 'கிளாசிக்', 'பப்ளிக்' சொற்களில் வரும் விகுதிதான் நடுவில் இருக்கிறது என்று நம்பிவிட்டேன். தப்பு. 1473-இல், இன்றைய போலந்தில் உள்ள தோருன் நகரில் பிறந்த அவருடைய குடும்பப் பெயர் கோப்பெர்னிக். அதன் வாலில் இருப்பது 'நிக்' என்ற ஸ்லாவிய விகுதி (ரஷ்யன், போலிஷ் போன்றவை ஸ்லாவிய மொழிகள்), ரஷ்யச் செயற்கைக்கோள் 'ஸ்புட்னிக்'கின் பெயரில் வருகிற அதே நிக். அங்கே 'புட்' என்றால் பாதை. ஸ்புட்னிக் என்றால் வழித்துணை. நம் 'பால்காரர்', 'பூக்காரர்' போல ஒட்டிக்கொள்ளும் விகுதி. அன்று அடித்துத் திருத்திய பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அப்படியானால் 'கோப்பெர்' என்ன? போலந்தின் தென்மேற்கில் உள்ள சிலேசியாவில் கோப்பெர்னிகி என்றொரு கிராமம் உண்டு. குடும்பப் பெயர் அந்த ஊரிலிருந்து வந்தது. ஊர்ப் பெயருக்குச் செம்புதான் வேர் என்பது ஒரு கருத்து. அவருடைய அப்பா செம்பு வியாபாரி என்பதால் அது உடனே பிடித்துப்போகிறது. ஆனால் ஊர்ப் பெயர் அவருக்கு முந்தையது, அதனால் அது சான்றாகாது. இன்றைய போலிஷில் 'கோப்பெர்' என்றால் சதகுப்பை. இன்னொரு கருத்து அதைச் சொல்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கொஞ்சம் சதகுப்பை வாங்கி வந்து உள்ளங்கையில் கசக்கிப் பார்த்தேன். சோம்பும் சீரகமும் கலந்த மாதிரி வாசனை. சதகுப்பைக்காரர்! என் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

அப்புறம் 1543-இல் நியூரம்பர்க்கில் அச்சான அவருடைய நூலின் முகப்புப் பக்கத்தைப் படமாகப் பார்த்தேன். அதில் 'கோப்பர்நிகி' என்றிருந்தது. கடைசி 'இ' லத்தீன் வேற்றுமை உருபு, நம் 'உடைய' போல. பெயரடையாக்கும் 'ஆனுஸ்' விகுதி சேர்ந்த வடிவம் 1618 முதல் வெளிவந்த, வானியலாளர் கெப்ளரின் நூல் தலைப்பிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தின் 'அன்' அந்த லத்தீன் விகுதிதான்.

நேற்று போலிஷ் பெயரடையைத் தேடினேன்: 'கோப்பெர்னிகான்ஸ்கி'. சொந்தப் பெயர், மேலே லத்தீன் 'ஆன்', அதற்கும் மேலே போலிஷ் 'ஸ்கி'. நோட்டில் அதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.