சார்ட் பேப்பரில் பிராங்க்ளினைத் தேடுகிறேன்

1845இல் வட அமெரிக்காவின் வடக்கே பனிக்கடல் வழியாக ஆசியாவுக்குப் பாதை தேடிப் போய்த் திரும்பாதவர் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் பிராங்க்ளின். அவருடைய எரிபஸ், டெரர் கப்பல்களைத் தேடிய கதையைப் படிக்கப் படிக்க இடப்பெயர்கள் குழம்பிக்கொண்டே இருந்தன. சரி, வரைந்தே பார்ப்போம் என்று, கப்பல்கள் சிக்கிய கடலை ஒட்டிய, கனடாவின் வடகோடியில் உள்ள கிங் வில்லியம் தீவை ஒரு சார்ட் பேப்பரில் போட ஆரம்பித்தேன்.

ஒரு செ.மீ.க்கு 5 கி.மீ. என்று அளவு வைத்தேன். அட்சரேகை ஒரு பாகைக்கு 22 செ.மீ. வந்தது. வேலை வாங்கியது தீர்க்கரேகைதான். துருவத்தை நெருங்க நெருங்க அது குறுகும். 70 பாகையில் 7.6 செ.மீ., 68 பாகையில் 8.3. மேலும் கீழும் புள்ளி வைத்துச் சாய்வாக இழுத்ததும் கட்டம் தயார்.

முதலில் குறித்தது, பிராங்க்ளினின் ஆட்கள் தீவில் ஒரு கற்குவியலில் விட்டுப்போய், 1859இல் தேடிப் போன குழுவின் ஹாப்சன் கண்டெடுத்த காகிதம் சொல்லும் இடங்களை. 1847 மே மாதம் எழுதிய வரிகளில் எல்லோரும் நலம். அதே தாளின் ஓரத்தில் 1848 ஏப்ரல் 25 அன்று சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிறார்கள்: பிராங்க்ளின் 1847 ஜூன் 11இல் இறந்துவிட்டார், மொத்தம் 24 பேர் போய்விட்டார்கள், மீதி 105 பேரும் டெரரின் கேப்டன் குரோசியர் தலைமையில் நாளை தெற்கே, பெருநிலத்தில் உள்ள பேக் ஆற்றை நோக்கிக் கிளம்புகிறோம்.

1846 செப்டம்பரில் பனியில் சிக்கிய இடம், 1848 ஏப்ரலில் கப்பல்களைக் கைவிட்ட இடம் இரண்டையும் வைத்து ஸ்கேலால் அளந்தேன். ஏழு செ.மீ. கூட இல்லை! 19 மாதத்தில் பனி அவர்களைக் கொண்டுபோனது சுமார் 33 கி.மீ. பட்டினிக்கும் நோய்க்கும் காரணம் தேடுகிறவர்கள் இந்தக் கோட்டை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

அப்புறம் தீவின் மேற்குக் கரையில் உள்ள எரிபஸ் விரிகுடா. தேடிப் போனவர்கள் அங்கே கண்டது: சறுக்கு வண்டிமேல் ஏற்றிய படகு, உள்ளே இரண்டு எலும்புக்கூடுகள், சாக்லேட், தேயிலை, வெள்ளிக் கரண்டிகள், பட்டுக் கைக்குட்டைகள். படகின் முகம் வடகிழக்கே, அதாவது கப்பல்கள் நின்ற பக்கம். அம்புக்குறியை அப்படியே போட்டேன். திரும்பிப் போக முயன்றிருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான இன்யூட் மக்கள் சொன்னவற்றுக்கு மட்டும் பச்சை மை. அவர்களிடம் கேட்டதை 1854இல் ஜான் ரே என்ற ஆய்வுப் பயணி லண்டனுக்குச் சொன்னார்: பிராங்க்ளினின் ஆட்கள் பசியில் மனித மாமிசம் தின்றிருக்கிறார்கள். அந்தப் பேச்சை நம்பலாமா என்று சார்லஸ் டிக்கன்ஸே பத்திரிகையில் எழுதித் தாக்கினார். பிற்காலத்தில் கிடைத்த எலும்புகளில் கத்தித் தடங்கள் இருந்தன. தீவுக்குத் தெற்கே ஒரு கப்பல் மூழ்கியதாகவும் இன்யூட்டுகள் சொல்லிவந்தார்கள். 2014இல் எரிபஸ் கிடைத்தது அந்தப் பக்கத்தில்தான். 2016இல் டெரரையும், பனிக்கு மேல் பாய்மரம் ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்த சாமி கோக்விக் என்ற இன்யூட் காட்டிய வழியில்தான் கண்டுபிடித்தார்கள். கிடைத்த இடம் டெரர் விரிகுடா. பெயர் எப்போதோ வைத்தது. கைவிட்ட புள்ளியிலிருந்து தெற்கே 20 செ.மீ.க்கு மேல் தள்ளி வருகிறது.

அடுத்து, தடயம் தேடிப் போன அமெரிக்கர் ஷ்வாட்காவின் 1879 பயணம். கோடையில், பனி உருகிய தரையில் தேடியவர் என்பதால் அவருக்கு நீல மை எடுத்து வைத்திருக்கிறேன்.